ரக்பி சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, வீரர்களே, வீராங்கனைகளே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது. ஜூனிலும் நவம்பரிலும் மைதானம் சேறாகிப் பல நாள் பயிற்சி நடக்கவில்லை. கால்பந்தில் ஊறிய கடலோர ஊர்களிலிருந்து, அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பிக்குப் புதிய பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பெண்கள் அணிக்குத் தனிப் பயிற்சியாளர் இன்னும் அமையவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு என் மனத்தை விட்டு அகலாதது நமது ஒழுங்கு நடவடிக்கைக் குழு தந்த இரண்டு தீர்ப்புகள்தான்.

ஜூன் மாதம் குளச்சலைச் சேர்ந்த பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர், குனியாமல் நிமிர்ந்தபடியே டேக்கிள் (பந்தோடு வரும் எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) செய்ததில் அவரது தோள் எதிரணி வீரரின் தாடையில் இடித்தது. சிவப்பு அட்டை. ஆட்டம் முடிந்ததும் அடிபட்டவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். விசாரணையிலும் தவற்றை அப்படியே ஒப்புக்கொண்டார். ஆறு வாரம் தடை விதித்தோம். செப்டம்பரில் மார்த்தாண்டம் பக்கத்து மாணவர் ஒருவருக்கும் அதே போன்ற டேக்கிளுக்கு அதே சிவப்பு அட்டை. வழக்கறிஞரான அவருடைய தாய்மாமா உடன் வந்தார், கைபேசியில் காணொளியைப் போட்டுக் காட்டினார், நன்றாகப் பேசினார். இரண்டு வாரத்தோடு முடிந்தது. இரண்டு முறையும் குழுவில் அமர்ந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். முதல் குழுவில் நானும் இருந்தேன்.

குளச்சல் தம்பியின் தந்தை விசைப்படகுத் தொழிலாளி. இரண்டாவது தீர்ப்பைக் கேள்விப்பட்டு அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை கடலில் தடை சார். எங்கள் கரையில் எல்லா விசைப்படகுக்கும் ஒரே தேதிதான். உங்கள் தடைக்கு மட்டும் ஆளுக்கொரு தேதியா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவே உலக ரக்பி அமைப்பின் ஒழுங்கு விதியான 17-ஐ எடுத்து உட்கார்ந்தேன். தவறான ஆட்டத்தால் தலையில் மோதல் ஏற்பட்டால் தண்டனைக் கணக்கு கீழ், நடு, மேல் என்னும் படிகளில் குறைந்தது நடுப்படியில் தொடங்க வேண்டும். ஆபத்தான டேக்கிளுக்கு அது ஆறு வாரம். தவற்றை ஒப்புக்கொண்டது, வருந்தியது, இதற்கு முன் தண்டனை பெறாதது போன்றவற்றுக்காக வழக்கமாகப் பாதி வரை குறைக்கலாம். டேக்கிள் திருத்தப் பயிற்சியை முடித்தால் மேலும் ஒரு வாரம் குறையும். இந்தக் கணக்குப்படி குளச்சல் தம்பிக்கு மூன்று வாரம்தான் வந்திருக்க வேண்டும். மார்த்தாண்டம் தம்பிக்கும் மூன்றுக்குக் கீழே போயிருக்க முடியாது, அவர் அந்தப் பயிற்சிக்குப் போகவில்லை. இரண்டு தீர்ப்பிலும் நாம் தவறியிருக்கிறோம்.

பெரிய இடங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2023 ஆகஸ்ட் 12 அன்று வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் இங்கிலாந்தின் ஓவன் ஃபாரெல், டெய்ன் பாஷமைத் தலையில் இடித்தார். மஞ்சள் அட்டை சிவப்பாக மாற்றப்பட்டது. விசாரணைக் குழு அந்தச் சிவப்பை ரத்து செய்தது. உலக ரக்பி அமைப்பே மேல்முறையீடு செய்ய, ஆகஸ்ட் 22 அன்று மேல்முறையீட்டுக் குழு தீர்ப்பை மாற்றி நான்கு ஆட்டத் தடை விதித்தது. எதிராளியைக் கைகளால் அணைக்க ஃபாரெல் முயன்றாரா என்பதை முதல் குழு பார்க்கவே இல்லை என்று காரணமும் சொன்னது. அடுத்த மாதம் உலகக் கோப்பையில், பிரான்ஸின் மார்சேய் மைதானத்தில், தலையோடு தலை மோதியதற்காக இங்கிலாந்தின் டாம் கர்ரி மூன்றாம் நிமிடத்திலேயே வெளியேறி, பிறகு தடையும் பெற்றார். மறுநாள் அதே மைதானத்தில் தென்னாப்பிரிக்காவின் ஜெஸ்ஸி கிரியேலின் டேக்கிளிலும் தலைகள் மோதின. அவருக்கு அட்டையும் இல்லை, ஆட்டத்துக்குப் பின் புகாரும் இல்லை. ரசிகர்கள் கொதித்தது நியாயமே. ஆனாலும் ஃபாரெல் விஷயத்தில் காரணம் எழுத்தில் இருந்ததால்தான் முதல் குழு எதை விட்டுவிட்டது என்று சுட்டிக்காட்ட முடிந்தது.

நாம் எதையும் எழுதித் தரவில்லை. குளச்சல் தம்பிக்குத் தீர்ப்பைத் தொலைபேசியில் சொன்னவன் நான்தான். "ஆறு வாரம் தம்பி" என்றேன், "சரி சார்" என்றார், அவ்வளவுதான். காரணம் தெரியாதவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்? செய்திருந்தாலும் அது செயற்குழுவுக்குத்தான் வந்திருக்கும். அங்கேயும் நான் உட்கார்ந்திருப்பேன். அவர் ஆறு வாரத்தையும் வெளியே இருந்து கழித்தார். அணித் தேர்வு அந்த நாட்களிலேயே நடந்து முடிந்துவிட்டது. அவருடைய வீட்டுக்குப் போய் வருத்தம் தெரிவித்தேன். இந்தப் பொதுக்குழுவின் முன்னும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே செயற்குழு ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. இனி ஒவ்வொரு தீர்ப்பும் தமிழில் எழுதப்படும்: கணக்கு எங்கே தொடங்கியது, எதற்காக எத்தனை வாரம் குறைந்தது என்பது அதில் இருக்கும். முந்தைய தீர்ப்புகளின் பதிவேட்டைப் படித்த பிறகே குழு முடிவெடுக்கும். விசாரணைக்கு வீரருடன், அவருக்காகப் பேசத் தெரிந்த ஒருவரும் வர வேண்டும். யாரும் இல்லாதவருக்குச் சங்கமே மூத்த வீரர் ஒருவரைத் துணைக்கு அனுப்பும். மேல்முறையீட்டை முதல் விசாரணையில் இல்லாத மூவர் கேட்பார்கள், அவர்களில் ஒருவராவது நம் சங்கத்துக்கு வெளியே இருப்பவர். வெளியாரை அழைத்தால் பயணச் செலவு ஆகும் என்று செயற்குழுவில் சிலர் தயங்கினார்கள். அந்தச் செலவை நாம் ஏற்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குளச்சல் தம்பியின் பதிவில் ஆறு வாரத்தை மூன்றாகத் திருத்தவும் தீர்மானம் கோருகிறது. மார்த்தாண்டம் தம்பியின் தண்டனையை இப்போது கூட்டும்படி கேட்கவில்லை; முடிந்துபோன தண்டனையைத் தேடிப்பிடித்து நீட்டுவது இன்னொரு அநீதி.

குளச்சல் தம்பியின் தந்தையை இந்தக் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறேன், முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தீர்மானத்தை விவாதத்துக்கு எடுக்கும்போது அவர் முதலில் பேச அனுமதி தருமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
நாகர்கோவில்