கப்பல் கணக்கும் முடங்கும் பணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொகுசுக் கப்பலில் செல்பவர்கள் கையில் ரொக்கம் வைத்துக்கொண்டால் போதும், கார்டைக் கொடுத்தால் செலவு கைமீறிவிடும் என்ற அறிவுரையைப் பயணக் கட்டுரைகளில் அடிக்கடி காண்கிறேன். அதில் பாதிதான் உண்மை. மீதியை அறியாமல் என் குடும்பம் பட்ட சிரமம் இன்னொருவருக்கு வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

கப்பலுக்குள் கடைதோறும் ரொக்கம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் நடவாத காரியம். ஏறும்போது தரப்படும் அறை அட்டையைக் காட்டித்தான் எதையும் வாங்க முடியும். பானம், புகைப்படம், இணைய வசதி, கரைச் சுற்றுலா, கப்பல் மருத்துவரின் கட்டணம் எல்லாமே அறைக் கணக்கில் ஏறிவிடும். அந்தக் கணக்குக்கு ஈடாகத் தொடக்கத்திலேயே ஒரு கார்டைப் பதிவு செய்ய வேண்டும், அல்லது ரொக்கமாக முன்பணம் கட்ட வேண்டும். இந்த ஒரு முடிவில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நாங்கள் டெபிட் கார்டைப் பதிவு செய்தோம். கப்பல் நிறுவனங்கள் செலவான தொகைக்கும், சில வேளை இனி ஆகக்கூடிய செலவுக்கும் சேர்த்து, வங்கியில் அவ்வப்போது ஒரு தொகையை முடக்கிவைக்கின்றன. கிரெடிட் கார்டு என்றால் அந்த அளவுக்குக் கடன் வரம்பு மட்டுமே குறையும். டெபிட் கார்டிலோ நம் சொந்தச் சேமிப்பே எடுக்க முடியாமல் நின்றுவிடும். பயணம் முடிந்ததும் இறுதித் தொகை தனியாகக் கழிக்கப்பட்டது, முன்பு முடக்கியதோ விடுபடவில்லை. கரை இறங்கிய அன்றிரவு விடுதி முகப்பில் என் மனைவி கார்டை நீட்ட, போதிய இருப்பு இல்லை என்று இயந்திரம் மறுத்தது. வங்கியைக் கேட்டால் கப்பல் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். நிறுவனத்தைக் கேட்டால், விடுவித்தாயிற்று, வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். பணம் எங்கள் கைக்கு வர ஒன்பது நாள்கள் ஆயின.

அப்படியானால் ரொக்கமே மேல் அல்லவா என்று தோன்றலாம். அதே பயணத்தில், முன்பணம் தீர்ந்ததால் அறை அட்டை செல்லாமல்போக, வாங்கிய காபியை மேசையிலேயே வைத்துவிட்டு, சேவை முகப்பின் நீண்ட வரிசையில் போய் நின்ற முதியவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் அளவுக்கு மீறிச் செலவழித்தவர் அல்லர். நாள்தோறும் தானாகச் சேரும் சேவைக் கட்டணமும், பானங்களின் மேல் பல நிறுவனங்கள் விதிக்கும் 18 முதல் 20 விழுக்காடு வரையிலான கூடுதல் தொகையும் அவர் கணக்கைக் கரைத்திருந்தன. மிச்சத்தைத் திரும்பப் பெறவும் கடைசி நேரத்தில் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: அதை ஈடாகப் பதிவு செய்துவிட்டு, செலவழிக்க எண்ணிய ரொக்கத்தைப் பயணத்தின் நடுவிலேயே முகப்பில் கட்டிக் கணக்கைக் குறைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான கப்பல்களில் இதற்கு இடமுண்டு. மீதி மட்டுமே கார்டுக்குப் போகும். கணக்கைப் பாதி வழியில் ஒரு முறையாவது வாங்கிப் பார்ப்பது அவசியம். வாங்காத பொருள் அதில் இருந்தால் கப்பலில் இருக்கும்போதே திருத்துவது எளிது. இறங்கிய பின் கடிதப் போக்குவரத்துதான். கப்பலின் நாணயத்தில் அல்லாமல் நம் நாட்டு நாணயத்தில் கழிக்கட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுவது நல்லது, அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். நம் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு என்ன கட்டணம் வசூலிக்கிறது என்பதையும் புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பல் நிறுவனங்களிடமும் பயண முகவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. எவ்வளவு தொகை முடக்கப்படும், அது விடுபட எத்தனை நாளாகும் என்பவற்றை விதிமுறைகளின் இடுக்கில் பொடி எழுத்தில் மறைக்காமல், பயணச்சீட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்