அப்பாவின் மெயில்கள் அழியவில்லை

பொகவந்தலாவை,
ஞாயிறு காலை.

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நானும் தங்கச்சியும் அம்மாயியும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

நீ காத்திருக்கும் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா உனக்கு எழுதிய மெயில்கள் அழிந்துபோகவில்லை, தம்பி. நேற்று இரவு நம் கம்பியூட்டர் கடையைப் பூட்டிவிட்டு, அப்பாவின் கணக்கில் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணினேன். 43 இருக்கின்றன. 2019இல் நீ டோஹாவில் போய் இறங்கிய வாரம் எழுதியதிலிருந்து கடைசியாக எழுதியது வரை, ஒன்றும் குறையவில்லை. இனி அழாதே.

வெள்ளிக்கிழமை இரவு நீ போனில் பேசியபோது எனக்குப் பாதிதான் விளங்கியது. இடம் நிறைந்துவிட்டது, இனிப் புது மெயில் வராது என்று போனில் காட்டியிருக்கிறது. நீ வேலை முடிந்து வந்த களைப்பில் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தெரிவுசெய்து அழித்திருக்கிறாய். அப்படியும் இடம் குறையவில்லை என்று குப்பைத் தொட்டியையும் காலி செய்திருக்கிறாய். அந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் ஒரு பயமும் இருந்திருக்காது. ஜிமெயிலில் அழித்தது 30 நாள் குப்பைத் தொட்டியில்தான் கிடக்கும், எந்த நேரமும் திருப்பி எடுக்கலாம். அந்த நாள் முடிந்தாலோ காலி செய்தாலோதான் போகும்.

ஆனால் போனது உன் பக்கத்துப் பிரதி மட்டும். தபாலில் ஒரு கடிதத்தைப் போட்டால் எழுதியவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. மெயில் அப்படியில்லை. அனுப்பியவரின் கணக்கில் ‘சென்ட்’ என்ற இடத்தில் அதன் பிரதி இருக்கும். நீ அங்கே உன் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாலும் அப்பாவின் பெட்டியில் ஒரு எழுத்துக்கூட அசையாது. உன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தொழில் தகைமைக்கான என்விகியூ சான்றிதழ், பொலிஸ் ரிப்போர்ட் எல்லாம் நம் கடையில் ஸ்கேன் பண்ணிக் கடை மெயிலில் இருந்து அனுப்பியவைதானே, அவையும் இருக்கின்றன. பழைய கம்பெனி கொடுத்த சேவைச் சான்றிதழ் மட்டும் என்னிடம் இல்லை. அதை அனுப்பிய ஆபீசுக்கு இன்றைக்கே எழுது. அனுப்பிய ஆள் அங்கே இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும், நாள் போகப்போக அவர்களும் மாறிவிடுவார்கள். உன் கூட்டாளிகள் எழுதியவற்றையும் வேண்டுமென்றால் அவரவரிடம் கேள்.

நீ அழித்தது தேவையே இல்லாத அழிப்பு என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கூகுள் சும்மா கொடுக்கும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உரியது அல்ல. போட்டோ, டிரைவ், மெயில் மூன்றும் அந்த ஒரே இடத்தைத்தான் பங்குபோடுகின்றன. 2024இலிருந்து அண்ட்ராய்ட் போன்களில் வட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் சேருகிறது. உன் அறைக்காரர்கள் அனுப்பும் கிரிக்கெட் வீடியோவும் கல்யாண வீடியோவும் இரவோடு இரவாகப் போய் அங்கே குந்திக்கொள்கின்றன. அப்பாவின் 43 மெயிலையும் சேர்த்து நிறுத்தாலும் உன் போனில் எடுத்த ஒரு போட்டோவின் எடை வராது. கூகுளில் இடம் எதற்குப் போகிறது என்று தனித்தனியாகக் காட்டும் பக்கம் இருக்கிறது, முதலில் அதைப் பார். வட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காதே என்று நிறுத்திவிடு. மெயிலிலும் பாரமானவற்றை மட்டும் தேடி எடுக்கலாம். தேடும் இடத்தில் ‘லார்ஜர்:10எம்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் 10 எம்பிக்கு மேலே உள்ளவை மட்டும் வரும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, வேண்டாததை மட்டும் அழி.

இடம் நிறைந்தது தெரிந்தும் சும்மா விட்டுவிடவும் கூடாது. அப்போது உனக்கு வருகிற மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அவர் இன்னொரு தடவை அனுப்புவார் என்று என்ன நிச்சயம்?

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், வராத கடிதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. நான் உயர்தரப் பரீட்சை, அந்த ஏஎல், பாஸ் பண்ணிவிட்டு ஆசிரியர் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் இருந்த எங்களுக்குத் தனி விலாசம் ஏது? பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான். தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் கட்டாகத் தோட்டத்து ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து யாராவது, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்த ஆளின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். எனக்கு வந்த கடிதம் ஒரு மேசை லாச்சியில் கிடந்தது. அது என் கைக்கு வந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து 11 நாள். அம்மாயி கொழுந்துக் கூடையை இறக்காமலே அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் யாருக்கும் அது ஒரு பெரிய விஷயமாகவும் தெரியவில்லை.

அதனால்தான் கடைக்கு வருகிற பிள்ளைகளின் மெயிலை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். போன வருஷம் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். கொழும்பில் ஒரு பயிற்சிக்கு எழுதிப்போட்டு மூன்று வாரமாகப் பதிலே இல்லையாம், அதைக் கைவிட்டுவிட்டு வேறு விண்ணப்பம் நிரப்ப வந்திருந்தாள். நான் முதலில், வேண்டாத மெயில் என்று ஒதுக்குபவை போய் விழும் ஸ்பேமைத் திறந்தேன். கடிதம் அங்கே இருந்தது, வந்து 19 நாள். ஸ்பேமில் விழுந்ததும் 30 நாளில் தானாகவே அழிந்துவிடும், தெரியுமா? நேர்முகப் பரீட்சைக்கு இன்னும் 4 நாள் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே சேலை வாங்கப் பிள்ளையும் தாயும் ஹட்டனுக்கு பஸ் ஏறினார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். நீயும் வாரத்தில் ஒரு நாள் ஸ்பேமைப் பார். தெரிந்தவருடையது அங்கே விழுந்திருந்தால் ‘ஸ்பேம் அல்ல’ என்று குறித்து வெளியே எடு. அவர் விலாசத்தை உன் கொன்டாக்டிலும் சேர்த்துக்கொள்.

அப்புறம், வேண்டாததெல்லாம் கண் முன்னால் கிடக்கிறதே என்று அழிக்கிற பழக்கத்தை விட்டுவிடு. அதற்கு ‘ஆர்கைவ்’ இருக்கிறது. மேசையில் கிடக்கும் காகிதத்தை எடுத்துப் பெட்டியில் வைப்பது மாதிரிதான். இன்பாக்ஸில் இருந்து மறையும், ‘ஆல் மெயில்’ என்ற இடத்தில் பத்திரமாக இருக்கும், பெயரைப் போட்டுத் தேடினால் வந்து நிற்கும். யாராவது அதற்குப் பதில் எழுதினால் தானே இன்பாக்ஸுக்குத் திரும்பிவிடும்.

உன் போனில் மெயிலை விரலால் ஒரு பக்கம் தள்ளினால் அழியும்படி வைத்திருக்கிறாய் என்று தங்கச்சி சொன்னாள். உடனே மாற்று. ஜிமெயில் செட்டிங்ஸில் பொதுப் பகுதிக்குள் போனால் இரண்டு பக்கத் தள்ளலையும் ஆர்கைவ் என்று வைக்கலாம். அங்கேயே ‘அழிப்பதற்கு முன் கேள்’ என்று ஒன்று இருக்கும், அதையும் போட்டுவை. நெரிசல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே மெயில் பார்க்கிறவனுக்கு அது கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று. மெயில்கள் கோர்வையாக ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கும் அல்லவா, மேலே தெரிகிற ஒரு வரியை அழித்தால் அந்தக் கோர்வை முழுதும் போய்விடும். அப்பா புது மெயில் எழுதவே பழகவில்லை. நீ அனுப்பிய முதல் மெயிலைத் திறந்து அதற்குக் கீழேயே ‘ரிப்ளை’ பண்ணிக்கொண்டிருப்பார். இந்த 43இல் 31 அப்படி ஒரே தலைப்பின் கீழ்தான் இருக்கின்றன. ‘வந்து சேர்ந்தேன்’ என்பது தலைப்பு. ஒரு விரல் தவறினால் மூன்று வருஷம் போய்விடும்.

“போனில்தானே அழித்தேன், கம்பியூட்டரில் இருக்கும்” என்று கடைக்கு வருகிற பாதிப் பேர் சொல்வார்கள். நீயும் அன்று அதைத்தான் சொன்னாய். போனும் கம்பியூட்டரும் ஒரே வீட்டின் இரண்டு ஜன்னல்கள். எந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு எடுத்தாலும் பொருள் வீட்டை விட்டுப் போகும். வேறு இடத்தில் பிரதி என்றால் அது உண்மையிலேயே வேறு இடமாக இருக்க வேண்டும்.

அப்பாவின் கணக்கைப் பற்றி நீ கேட்டாய். அவர் போனபிறகும் மாதத்தின் முதல் ஞாயிறு நான் அதைத் திறக்கிறேன். 2 வருஷம் யாரும் தொடாத கணக்கை, உள்ளே இருப்பதோடு சேர்த்து, கூகுள் அழித்துவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. அதனால்தான் அவருடைய சிம்முக்கும் இன்னும் ரீலோட் போடுகிறேன், உள்ளே போகும்போது சில வேளை அந்த நம்பருக்குத்தான் கோட் வருகிறது. அந்த போன் யாருக்கு என்று அம்மாயி கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

உன் கணக்கில் இன்னும் உன் பழைய இலங்கை நம்பர்தானே மீட்பு நம்பராக இருக்கிறது? அது செத்து எத்தனை வருஷம். இன்றைக்கே அங்குள்ள நம்பரைப் போடு, மீட்பு மெயிலாகத் தங்கச்சியுடையதைக் கொடு. இரண்டு கட்டப் பாதுகாப்பைப் போட்டால், போன் கையில் இல்லாதபோது உள்ளே போக 10 பேக்கப் கோட் தருவார்கள். அதைப் போனில் படம் எடுத்து வைக்காதே, போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து தொலையும். காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வை. கம்பெனி கொடுத்த மெயிலில் உன் சொந்தப் பத்திரம் எதையும் வைக்காதே. வேலையை விட்ட அன்றே அந்தக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

வீட்டிலுள்ள தகரப் பெட்டி என் தாத்தாவுடையது. 1948 சட்டத்தில் குடியுரிமை இல்லாமல் போன இந்திய வம்சாவளியினரில் அவரும் ஒருவர். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று ஆட்களைப் பிரித்தபோது, துண்டுக் காகிதம் வைத்திருந்தவனுக்குத்தான் பேச வாய் இருந்தது என்று சொல்வார். சம்பளத் துண்டைக்கூட எறியமாட்டார். அந்தப் பெட்டியில்தான் இப்போது உன் பத்திரங்களின் பிரதியும் இருக்கிறது. ஆனால் பெட்டியை மட்டும் நம்பவும் முடியாது. 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயத்தோடு எல்லாம் புதைந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலுக்குப் பிறகு, பழைய ஸ்கேன் ஏதாவது இருக்குமா என்று கேட்டுக் கடைக்கு வந்தவர்களின் முகத்தை நான் மறக்கமாட்டேன். சிலருடையது கடை மெயிலில் இருந்தது. இல்லாதவர்களுக்கு நான் என்ன செய்ய?

ஆகவே அப்பாவின் கணக்கு முழுவதையும், எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ள கூகுள் வைத்திருக்கும் ‘டேக்அவுட்’ வழியாக இறக்கிப் பென் டிரைவில் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இன்னொன்று தங்கச்சியிடம் இருக்கிறது. காகிதத்திலும் அச்செடுத்தேன், மை தீரும் வரை.

43 மெயிலையும் இணைப்பாகச் சேர்த்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அப்படி அனுப்பினால் அப்பா எழுதிய தேதி மாறாமல் இருக்கும். கிடைத்ததும் ‘அப்பா’ என்று ஒரு லேபல் போட்டு அதற்குள் வை. லேபலை எடுத்தால் மெயில் போகாது, ஆனால் லேபலுக்குள் நின்று மெயிலை அழித்தால் போய்விடும், அதில் கவனம். கிடைத்தது என்று எனக்கு ஒரு வரி எழுது. புதுத் தலைப்புப் போட்டு எழுது.

கடைசி மெயில் 2022 மார்ச்சில் எழுதியது, 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய அந்த வாரம். தேயிலை ஸ்டோரில் வேலை இல்லை, மலையில் கொழுந்து முற்றுகிறது என்று எழுதிக்கொண்டே வந்து, “கரண்ட் போகப்போகிறது, மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்” என்று நிறுத்தியிருக்கிறார். அதை மட்டும் வேலை இல்லாத நாளில், அறையில் தனியாக இருக்கும்போது திற.

இப்படிக்கு,
உன் அம்மா.