நீடாமங்கலம் சாலையில் வண்டியைக் கிளப்பித் தந்த அண்ணனுக்கு

நேற்று ராத்திரி நீடாமங்கலம் தாண்டியதும், நெல் மூட்டையோடு எங்கள் லோடு வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' சத்தம் மட்டும். மேலே மழை மூட்டம், தார்ப்பாய் வேறு கிழிசல்.

கூப்பிடாமலே பைக்கை நிறுத்தினீர்கள். மோட்டார் ரிப்பேருக்குப் போய்த் திரும்புகிறீர்கள் போல, பையில் மீட்டர் இருந்தது. "12.6 வோல்ட் இருக்கு தம்பி, பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மாத்திடாதீங்க" என்றீர்கள். அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில், இன்னொன்றை இன்ஜினில் வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னீர்கள். அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாத இடத்தில் 4 வோல்ட்! பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரின் போல்ட் முழுக்கத் துரு. செல்போன் வெளிச்சத்தில், இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கினீர்கள். ஒரே திருப்பில் கிளம்பியது.

காசு எடுப்பதற்குள் போய்விட்டீர்கள். மூட்டை நனையாமல் கொள்முதல் நிலையம் சேர்ந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. உங்கள் உப்புத்தாள் என் வண்டியில்தான் இருக்கிறது.