எண்ணூர் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கோரும் மூன்றாவது மனு

அனுப்புநர்: கொசஸ்தலை ஆற்றில் பாடு வைக்கும் (முறை போட்டு மீன் பிடிக்கும்) மீனவர்கள், எண்ணூர், சென்னை.

பெறுநர்: மதிப்பிற்குரிய செயற்பொறியாளர் அவர்கள்.

அய்யா,

வணக்கம். இதே பொருள் குறித்து இரண்டு மனு கொடுத்து, இரண்டுக்கும் ரசீது வைத்திருக்கிறோம். பதில் இல்லை. இடம் தாங்கள் அறியாததல்ல. கொசஸ்தலை ஆறு கடலில் விழும் அதே வாய்தான்.

1. வாயில் மணல் திட்டு விழுவது புதிதல்ல. பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை தெண்டி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். முன்பு மழைக்கால வெள்ளம் அதை உடைத்துவிடும். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டிய பிறகு, நகரத்துக்குக் குடிநீர் போக மிஞ்சியதுதான் ஆற்றுக்கு. வெள்ளம் வராத நாளெல்லாம் வாயைத் திறந்து வைப்பது கடல் ஏறி இறங்கும் தண்ணீர் மட்டுமே.

2. அந்தத் தண்ணீர் எவ்வளவு உள்ளே வந்து போகிறதோ, அந்த அளவுக்குத்தான் வாய் ஆழமாக இருக்கும். உள்ளே இடம் இருந்தால்தானே தண்ணீர் வரும்? இடத்தை அடைத்துக் கிடப்பது சாம்பல். அனல்மின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் குட்டைக்கு அனுப்புகிறார்கள். சாம்பல் அரம் மாதிரி. குழாயின் அடிப்பக்கம்தான் முதலில் தேயும். அவ்வப்போது குழாயை உருட்டி, தேயாத பக்கத்தைக் கீழே வைக்க வேண்டும். அதை விட்டு, ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்தால் பக்கத்திலேயே இன்னொன்று விழும். ஒழுகுவதெல்லாம் ஆற்றுக்குத்தான். சேற்றில் கைவிட்டுத் தடவி இறால் பிடிக்கிறவர்கள் கையில் வருவது சாம்பல் கூழ். கடல் இறங்கும் வற்றத்தில் படகு மோட்டாரை இறக்கினால் விசிறி சாம்பலைக் கடைகிறது. படகை இறங்கித் தள்ள வேண்டும். இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு கடல் ஏற்றத்தோடு உள்ளே வந்து இங்கேதான் வளர வேண்டும். வாயும் அடைந்து, அடியும் மேடானால் எங்கே வளரும்?

3. பொக்லைனை நிறுத்தி வாயில் மட்டும் தோண்டி, மணலைத் தென்கரையில் குவித்தால் தெண்டி அதைத் திரும்ப வாயிலேயே கொண்டுவந்து போடும். வடகரைக்கு அப்பால் கொட்ட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா அய்யா?

4. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, ஆற்றில் தண்ணீர் உயர்ந்து நிற்கும்போது, கடல் வற்றத் தொடங்கியதும் திட்டை வெட்டினால் தண்ணீரே மீதி மணலை அரித்துக்கொண்டு போகும். ஏற்றத்தில் வெட்டினால் டீசல்தான் வீண்.

5. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து வலையிலும் படகிலும் அப்பியது. அதன் பிறகுமா இந்த வாயைக் கவனிக்காமல் விடுவது?

ஆகவே, முதலில் குழாயை மாற்றச் சொல்லுங்கள். பிறகு உள்ளிருக்கும் சாம்பலை அள்ளுங்கள். கரையிலேயே கொட்டினால் முதல் மழையில் திரும்ப ஆற்றுக்குள்தான். அதன் பிறகு வாயைத் திறவுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் செய்து தரும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

எந்த நாள் பார்வையிட வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். வற்றத்தில் வாருங்கள் அய்யா. ஏற்றத்தில் வந்தால் ஆறு நிறைந்து நன்றாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
எண்ணூர் ஆற்று மீனவர்கள்