காட்டு மானின் இரைப்பையில் இருப்பதைக் குழியில் கொட்டிவிடாதீர்கள்

வனவிலங்கு மருத்துவர்களுக்கும், உயிரியல் பூங்கா நிர்வாகிகளுக்கும், நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

அசைபோடும் காட்டு விலங்கு ஒன்று இறந்தால் உடற்கூறாய்வு செய்கிறீர்கள். இரத்தம், ஈரல் துண்டு, ஒட்டுண்ணி எல்லாம் பத்திரமாகப் புட்டிக்குள் போகின்றன. ரூமென் என்னும் முதல் இரைப்பையைத் திறந்து விஷமோ பிளாஸ்டிக்கோ இருக்கிறதா என்று பார்த்ததும், மிச்சம் குழிக்குப் போய்விடுகிறது. அந்த மிச்சத்தில் உள்ள, நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களை உயிரோடு காப்பாற்றி வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

புல்லிலும் இலையிலும் உள்ள செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளை உடைக்கும் நொதி மானின் உடம்பில் சுரப்பதில்லை. ரூமெனில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதை உடைக்கின்றன. ஃபைப்ரோபாக்டர் சக்சினோஜீன்ஸ், ருமினோகாக்கஸ் ஆல்பஸ், ருமினோகாக்கஸ் ஃபிளேவிஃபேசியன்ஸ் ஆகிய மூன்று பாக்டீரியாக்களும் இந்த வேலையில் முன்வரிசை. நொதித்தலில் வெளிவரும் அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களிலிருந்துதான் விலங்குக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு கிடைக்கிறது.

இதெல்லாம் நமக்கு மாட்டையும் ஆட்டையும் வைத்துத் தெரிந்தது. 2018-இல் ஹங்கேட்1000 திட்டம் 501 ரூமென் நுண்ணுயிர்களின் மரபணுத்தொகுதிகளை வெளியிட்டது. அருமையான வேலை, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வீட்டு விலங்குகளிலிருந்து வந்தவை. மூஸ் மான் மரக்கிளையையும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்த இலையையும் தின்கிறது. பனிமான் குளிர்காலத்தை, பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கனைத் தின்றே பெரும்பாலும் கடத்துகிறது. இப்படிப்பட்ட இரையைச் சமாளிக்கும் பாக்டீரியாக்கள் தொழுவத்தில் கிடைக்குமா?

டிஎன்ஏவைப் படித்தால் போதாதா என்று கேட்பீர்கள். யார் யார் இருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். எவ்வளவு டானினைத் தாங்குவார்கள், எந்த அமிலநிலையில் வேலையை நிறுத்துவார்கள் என்பதை உயிருள்ள பாக்டீரியாவிடம்தான் கேட்க முடியும்.

உயிரோடு கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சூபாபுல் என்னும் தீவன மரம் ஒரு சாட்சி. ஆஸ்திரேலியாவில் அந்தத் தழையைத் தின்ற மாடுகள் நோயுற்றன. ஹவாய் ஆடுகளோ அதையே தின்று நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அந்த ஆடுகளின் ரூமென் பாக்டீரியாக்களை 1980-களில் ஆஸ்திரேலிய விலங்குகளுக்கு மாற்றினார். அவற்றுக்கும் அந்தத் தழையின் நஞ்சை முறிக்கும் திறன் வந்தது. 1992-இல் அந்த நஞ்சை முறிக்கும் பாக்டீரியாவுக்கு அவரைச் சிறப்பிக்கும் விதமாக சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள். அது நாரைச் செரிக்கும் பாக்டீரியா அல்ல, வந்ததும் காட்டு விலங்கிலிருந்து அல்ல. ஆனாலும் வெறும் டிஎன்ஏ வரிசையைக் கொண்டு அந்த மாடுகளைக் காப்பாற்றியிருக்க முடியாது.

ரூமென் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் ஆகாது என்பதால் இவற்றை வளர்ப்பது சிரமம்தான், ஆனால் வழி தெரிந்த சிரமம். ரூமென் நுண்ணுயிர் ஆய்வின் முன்னோடி ராபர்ட் ஹங்கேட் காட்டிய முறையில், வளர்ப்பு ஊடகத்தில் ரெசசூரின் சாயம் கலந்து கார்பன் டை ஆக்சைடைச் செலுத்துவார்கள். துளி ஆக்சிஜன் புகுந்தாலும் குழாய் இளஞ்சிவப்பாகிக் காட்டிக்கொடுத்துவிடும். செல்லுலோஸ் தூள் கலந்து மங்கலாக இருக்கும் அகார் என்னும் கூழ் ஊடகத்தில், நாரைத் தின்னும் கூட்டம் வளர்ந்த இடத்தைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம் விழும். அதை முதல்முறை பார்க்கும் மாணவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? விலங்கு இறந்து அதிக நேரம் ஆகாமல் இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக்கிய தெர்மாஸ் குடுவையை ரூமெனில் உள்ளதைக் கொண்டு விளிம்புவரை நிரப்பி, காற்றுக்கு இடம் விடாமல் மூடுங்கள். முக்கியமாக, துணியில் வடிகட்டிச் சாற்றை மட்டும் எடுக்காதீர்கள். நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் நாரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சக்கையை எறிந்தால் தேடி வந்தவர்களையே எறிந்த மாதிரி. அப்படியே உறையவும் வைக்காதீர்கள். கிளிசரால் சேர்க்காமல் உறைய வைத்தால் ஏராளமான பாக்டீரியாக்கள் செத்துப்போகும். அடைப்பான், கோமாரி சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம்.

சேமிப்பகத்தினரே, உடற்கூறாய்வுப் படிவத்தில் ‘ரூமென் சக்கை’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். குடுவையை யாரிடம் ஒப்படைப்பது, அனுமதிச் சீட்டை யார் வாங்குவது என்பதையும் அந்த வரிக்குக் கீழேயே அச்சிட்டுவிடுங்கள். விலங்கு இறந்த பிறகு அதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.