போடுங்க என்று கேள்

அன்புள்ள பாப்பா,

உன் மெயில் வந்தது. ஸ்பெயினில், வலென்சியாவில் வீடு கிடைத்தது, துறைமுக ஆபீஸில் வேலையும் தொடங்கியாயிற்று, ஆனால் மார்க்கெட்டில் மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதி வைத்துக்கொண்டு போகிற வாக்கியங்களையும் பார்த்தேன். எல்லாமே முதலில் ஆங்கிலத்தில் யோசித்தது. 'எனக்கு அரைக் கிலோ தக்காளி கிடைக்க முடியுமா' என்கிற மாதிரி இருக்கிறது. அந்தக் கடைக்கார அம்மா புரியாமல் முழிக்கவில்லை, அவ்வளவு மரியாதை எதற்கு என்று முழிக்கிறாள்.

அங்கே ஸ்பானிஷில் சொல்வது 'போன்மே மெதியோ கிலோ தெ தொமாத்தெஸ்'. அரைக் கிலோ தக்காளி போடு, அவ்வளவுதான். வயதானவர் என்றால் 'போங்கமே', போடுங்க. காபிக்கடையிலும் இதே சொல்தான்: 'போன்மே உன் கோர்தாதோ' என்றால் கொஞ்சமாய்ப் பால் விட்ட காபி வரும். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் 'ரெண்டு டீ போடுங்க' என்று கேட்டு வளர்ந்தவள் நீ. நடுவில் ஆங்கிலத்தை ஏன் கூட்டிவருகிறாய்?

விலை கேட்பதும் அப்படியே. 'ஆ குவான்தோ எஸ்தான் லொஸ் தொமாத்தெஸ்?' தக்காளி இன்றைக்கு என்ன விலை போகுது என்று அர்த்தம். தினம் மாறுகிற விலைக்கு இந்தக் கேள்வி. வாங்கி முடித்த பிறகு மொத்தம் எவ்வளவு என்பதற்கு 'குவான்தோ எஸ்?'.

இன்னொன்று கேள், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹாம் என்கிற உப்பிட்ட பன்றித் தொடைக்கறி, சீஸ், கறி வாங்குகிறவர்கள் 'குவார்தோ இ மிதாத்' என்பார்கள். கால் கிலோவும் அதில் பாதியும், 375 கிராம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் கிடையாது. உன் பாட்டிக்குக் கேட்டவுடனே விளங்கியிருக்கும்: காலே அரைக்கால்.

கடையின் முன்னால் வரிசை இல்லையே என்று நேராகப் போய் நின்றுவிடாதே. வரிசை உண்டு, கண்ணுக்குத் தெரியாது. போனவுடன் 'கியென் எஸ் எல் உல்திமோ?', கடைசி ஆள் யார் என்று பொதுவாகக் கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நீ. உனக்குப் பின்னால் வருகிறவர் கேட்டால் நீ கை தூக்கு. சென்ட்ரல் மார்க்கெட் மதியம் மூன்று மணிக்கெல்லாம் மூடிவிடும், ஞாயிறு கிடையாது, அதனால் சனிக்கிழமை கூட்டத்தில் இது ரொம்ப முக்கியம். கடைக்கார அம்மா உன்னை 'ரெய்னா' என்று கூப்பிட்டால் முகம் சுளிக்காதே. ராணி என்று அர்த்தம். நம் கீரைக்கார அம்மா 'ராசாத்தி' என்பதுதான்.

சாப்பாட்டு விஷயம். நீ இப்போது சைவம் என்பதால் சொல்கிறேன். 'சின் கார்னே', கறி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே பலருக்குக் கார்னே என்றால் மாடு, பன்றியின் சிவப்புக் கறி மட்டும்தான். சாலடில் சூரை மீன் வரும், பட்டாணியில் ஹாம் துண்டு வரும், கேட்டால் 'இதில் கறி இல்லையே' என்று நிஜமாகவே ஆச்சரியப்படுவார்கள். 'நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்', கறியும் மீனும் ஹாமும் கூடாது என்று மூன்றையும் சொல். அப்புறம், டப்பா உணவில் ரசாயனம் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்க 'ப்ரெசெர்வாதீவோஸ்' என்று ஆங்கில ஞாபகத்தில் கேட்டுவிடாதே. 'கொன்செர்வான்தெஸ்' என்று கேள். முன்னதற்கு அர்த்தம் அகராதியில் நீயே பார்த்துக்கொள், அப்பா எழுத மாட்டேன்.

காலை பத்து மணிவாக்கில் ஆபீஸே காலியாகும். பயப்படாதே. அதுதான் 'எஸ்மொர்சார்', வலென்சியாக்காரர்களின் நடுக்காலைச் சாப்பாடு. முழங்கை நீள ரொட்டி, வறுத்த கடலை, ஆலிவ், கடைசியில் ரம்மைக் கொளுத்திச் சேர்த்த 'க்ரெமாயெத்' காபி. நீ அதில் வெறும் காபியோடு நிறுத்திக்கொள்ளலாம். மதியத்தில் 'மெனூ தெல் தியா' என்று பலகை இருக்கும் இடமாகப் பார். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, குடிக்க ஒன்று, இனிப்போ காபியோ, எல்லாம் ஒரே விலை. 1960களில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டாயப்படுத்திய ஏற்பாட்டிலிருந்து வந்தது. இப்போது அதை நம்பியிருப்பது ஆபீஸ்காரர்கள். சாப்பிட்ட பிறகு எழுந்துவிட மாட்டார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள், அதற்கு 'சோப்ரெமேசா' என்று தனிப் பெயரே உண்டு. நீயாக 'லா குவென்தா' என்று கேட்காமல் பில் வராது. காசு யார் கொடுப்பது என்பதில் மட்டும் கவனமாக இரு. 'இன்வீத்தோ யோ' என்று வாய்தவறிச் சொன்னால்கூடச் செலவு முழுக்க உன்னுடையது. ஆளுக்கொரு பங்கு என்றால் 'ஆ எஸ்கோத்தே'. பிறந்தநாள் என்றால் பிறந்தவள்தான் ஆபீஸுக்கு வாங்கித் தர வேண்டும், இதை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலைக்கு வருகிறேன். சரக்கோடு வருகிற சலான் 'அல்பாரான்', பின்னால் வருகிற பில் 'ஃபக்தூரா'. அல்பாரானில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பெட்டியை எண்ணு. கிடங்கு 'அல்மசேன்', சுங்கம் 'அதுவானா'. ஃபக்தூரா தவிர இவையெல்லாம் அரபு வழி வந்தவை. அரிசிக்கு, சர்க்கரைக்கு, எண்ணெய்க்குச் சொல்கிற 'அரோஸ்', 'அசூகார்', 'அசெய்தே' எல்லாமும் அரபு வழி வந்தவைதான். 1238இல் மன்னர் ஹாய்மே பிடிக்கும்வரை வலென்சியா முஸ்லிம்களின் ஊர். மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கிற பழைய பட்டுச் சந்தை, லோன்ஹா, பார்த்தாயா? உள்ளே சுவரின் மேல் சுற்றிவர லத்தீனில் எழுதியிருக்கும்: பேச்சில் பொய்யில்லாத, வட்டிக்குக் கொடுக்காத வியாபாரி செல்வமும் சேர்ப்பான், மோட்சமும் போவான் என்று. தோல் வியாபாரத்தில் இருந்தவன் என்பதால் எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

எல்சே என்கிற ஊரில் நம் தோலை வாங்குகிற செருப்புப் பட்டறைக்காரர்களோடு உட்கார்ந்துதான் நான் சொலவடைகளைக் கற்றேன். விலை அதிகம் என்றால் 'முகத்திலிருந்து ஒரு கண் போகும்' என்பார்கள். ஆங்கிலேயனுக்குக் கையும் காலும் போகும், நமக்கு யானை விலை குதிரை விலை. நன்றாக விற்றால் 'சூரோ மாதிரிப் போனது'. அங்கே எண்ணெயில் பொரித்த மாவு, ஆங்கிலத்தில் சூடான கேக். பெரிய செலவை விட்டுவிட்டுச் சில்லறையை மிச்சம் பிடிக்கிற மேனேஜரின் சிக்கனத்தைக் 'கிளியின் சாக்லேட்' என்று கேலி செய்வார்கள். நொடித்துப்போன ஒரு பணக்கார வீட்டில் சிக்கனம் என்று கிளிக்குக் கொடுக்கும் சாக்லேட்டை மட்டும் நிறுத்தினார்களாம். உன் ஆபீஸில் இதை நீ சீக்கிரமே கேட்பாய். முடிவெடுக்கிறவர் யார் என்று தெரிய வேண்டுமானால், 'கருவாட்டுக் காட் மீனை வெட்டுகிறவர் யார்' என்று கேட்பார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது 'போனெர்செ லாஸ் போத்தாஸ்', பூட்ஸ் மாட்டிக்கொள்வது. வயிறு முட்டத் தின்றாலும் அதுதான், வியாபாரத்தில் அள்ளினாலும் அதுதான். அந்தக் காலத்தில் வசதியானவன் காலில்தான் பூட்ஸ் இருக்கும் என்பதால் வந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல் தேட வேண்டும். நாம் 'இன்னிக்கு நல்ல வேட்டை' என்று ஒன்றிலேயே முடித்துவிடுவோம்.

ஜனவரி 7 வாக்கில் தள்ளுபடி, 'ரெபாஹஸ்', தொடங்கும். அம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கு, அளவு 37, குதிகால் தாழ்வாக. உள்ளே ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து வாங்கு. விரித்த தோல் வடிவம் இருந்தால் தோல், வெறும் சாய்சதுரம் இருந்தால் வேறு ஏதோ. முயல் என்று பூனையைத் தருவது என்பார்களே, 'காத்தோ போர் லியேப்ரே', அந்த வேலை செருப்புக்கடையிலும் உண்டு. அடிப்பாகம், உள்பக்கம், மேல்பக்கம் மூன்றுக்கும் தனித்தனிப் படம் இருக்கும். மேல்பக்கம் கட்டாயம் தோலாக இருக்கட்டும்.

அப்பா