சின்னக் கோப்புகளின் தலைவலி

அன்புள்ள நண்பா,

ஸ்டோரேஜ் இப்போது உன் தலையில் விழுந்திருக்கிறது என்று படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. இங்கே நான் நலம். ராத்திரி அழைப்புகள் குறைந்திருக்கின்றன, அதுவே பெரிய விஷயம்.

சரி, பெரிய கோப்பு என்றால் பறக்கிறது, லட்சக்கணக்கில் 4 கேபி கோப்புகள் என்றால் ஊர்கிறது என்கிறாய். டிஸ்க்கைத் திட்டாதே. பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே ஸ்டோரேஜாகக் காட்டும் க்ளஸ்டர்எஃப்எஸ்ஸில், எதையும் மூன்று நகலாக வைக்கும் வால்யூமில் ஒரு கோப்பு பிறப்பதைப் பார்: அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று லுக்அப், கிரியேட், பூட்டு, எழுதப்போகிறேன் என்று ஒரு குறிப்பு, எழுத்து, எழுதியாயிற்று என்று இன்னொரு குறிப்பு, பூட்டைத் திறப்பது, மூடுவது. பெரும்பாலும் ஒவ்வொன்றும் நெட்வொர்க்கில் ஒரு தடவை போய்த் திரும்ப வேண்டும். ஒரு தடவைக்கு அரை மில்லிசெகண்ட், கோப்புக்குப் பத்து தடவை என்று வை. ஒரே த்ரெட்டில், அதாவது ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று எழுதினால், நொடிக்கு 200 கோப்பு, அதாவது 800 கேபி. நெட்வொர்க் 10 ஜிகாபிட்டாக இருந்து என்ன பயன்?

எழுத்துகளைச் சேர்த்து வைத்துப் பின்னால் அனுப்பும் ரைட்-பிஹைண்ட் விண்டோவை நீ 1 எம்பிக்கு மேல் கூட்டியது விழலுக்கு இறைத்த நீர். 4 கேபி கோப்பு அதை நிரப்பவே போவதில்லை. அதுவும் உங்கள் நிரல் கோப்புக்குக் கோப்பு எஃப்சிங்க் (இப்போதே டிஸ்க்கில் எழுது என்ற கட்டளை) கேட்டால், ரைட்-பிஹைண்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வீண் தேடலைக் குறைக்கும் லுக்அப்-ஆப்டிமைஸ் அமைப்பு ஆனில் இருக்கிறதா பார். இல்லையென்றால், இல்லாத பெயரைத் தேடி எல்லா பிரிக்குகளின் (கோப்புகள் உண்மையில் கிடக்கும் சர்வர் டைரக்டரிகளின்) கதவையும் தட்டும். ஆன் செய்தாலும் பழைய டைரக்டரிகளுக்கு, கோப்புகளின் பங்கீட்டைச் சரிசெய்யும் ரீபேலன்ஸ் ஓட்டினால்தான் பலன். நெட்வொர்க் கோரிக்கைகளைக் கவனிக்கும் ஈவென்ட் த்ரெட்டை 2லிருந்து 4 ஆக்கலாம், ஆனால் எழுதுகிறவன் ஒருவனே என்றால் அதிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எழுதும் வேலையைப் பல த்ரெட்டுகளுக்குப் பிரித்துக் கொடு. கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அதில்தான் வரும்.

அப்புறம், தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டு ரீநேம் செய்கிறீர்களா? கோப்பு எந்த பிரிக்குக்குப் போகும் என்பதைப் பெயரின் ஹாஷ்தான் (பெயரிலிருந்து கணக்கிடும் ஒரு எண்) முடிவு செய்கிறது. பெயர் மாறினால் இடம் பொருந்தாமல் போய், புது இடத்தில், பழைய இடத்தைச் சுட்டும் ஒரு லிங்க் கோப்பு முளைக்கும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் வைக்கும் தற்காலிகப் பெயர்களை க்ளஸ்டர்எஃப்எஸ்ஸே அடையாளம் கண்டுகொள்ளும். நீங்களாக வைக்கும் ‘டாட் டிஎம்பி’க்கு அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது.

என்னைக் கேட்டால், எழுதிய பிறகு தனித்தனியாகத் தொடவே போவதில்லை என்றால் டார் கொண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஒரே கோப்பாகப் போட்டுவிடுவேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அளக்கும் வால்யூம் ப்ரொஃபைலை ஓடவிட்டு, அந்த வெளியீட்டை எனக்கு அனுப்பு. லுக்அப் வரியில் எவ்வளவு நேரம் போகிறது என்று முதலில் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்